பன்னிரண்டு சென்ட் கூடிய நீலக்கல்

ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று காரட் நாற்பது சென்ட் எடையோடு எங்கள் கல்வீதியை விட்டுப் போன நீலக்கல் ஒன்று, ஒரு வீட்டின் தலையணைக்கு அடியில் மூன்று நாள் படுத்திருந்துவிட்டு வியாழக்கிழமை திரும்பி வந்தபோது மூன்று காரட் ஐம்பத்திரண்டு சென்ட் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதை எடை போட்டவன் நான்தான். என் தராசில் கோளாறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு காரட், ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம், ஆகவே பன்னிரண்டு சென்ட் என்பது ஓர் எறும்பு தூக்கிக்கொண்டு போகிற சுமை, ஆனால் எங்கள் தொழிலில் அந்த எறும்புச் சுமைக்குத்தான் விலை.

மணியங்காட்டூர் காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரைச் சுற்றித் தேங்காய் காய்கிற களங்கள், மேற்கே மாட்டுச் சந்தை, நடுவில் கல்வீதி. கல்வீதியில் பதினொரு கல் கடைகள், நான்கு சாணைப் பட்டறைகள், ஒரே ஒரு பரிசோதனை நிலையம். அது என்னுடையது. நல்லசிவம் ரத்தினப் பரிசோதனை நிலையம் என்று பலகை இருக்கும். கல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது அசலா, கண்ணாடியா, பூமியில் விளைந்ததா, உலையில் விளைந்ததா, சூடு வைத்ததா, வைக்காததா என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குக் கூலி வாங்குகிறவன்.

இந்த வேலை கண்ணாடி போட்டவன் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்பதுபோல ஆகிவிடும். பால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்ப்பேன், சிரிக்காவிட்டால் அதையும் பார்ப்பேன், கோயில் கமிட்டிக்காரர் விபூதி கொடுத்தால் அதற்குப் பின்னால் என்ன நன்கொடைச் சீட்டு வருகிறது என்று பார்ப்பேன். என் தங்கை சாந்தாமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் கல்வீதியிலேயே பெரிய கடை வைத்திருப்பவர், அவர் விற்கிற ஒவ்வொரு கல்லும் என் மேசைக்குத்தான் வரும், அவரை இருபத்திரண்டு வருடமாக, ஒரு நாள் விடாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஊரில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருவன்தான், அது நான்.

நீலக்கல் வாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. அது சனீஸ்வரன் கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பார்கள். அதனால் மோதிரத்துக்குக் கல்லைப் பேசி முடித்தவுடன் அதைக் கட்டிவிடுவதில்லை. ஒரு நீலத் துணியில் முடிந்து வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார், கெட்ட கனவு வராமல், மாடு கன்று நோகாமல், வண்டி கவிழாமல் இருந்தால் நான்காம் நாள் மோதிரத்தில் ஏறும், இல்லையென்றால் கடைக்குத் திரும்பிவிடும். போகும்போதும் வரும்போதும் என்னிடம் எடை போட வேண்டும். வாங்குகிறவர் கல்லை மாற்றிவிடுவாரோ என்று கடைக்காரருக்கும், கடைக்காரர் வேறு கல்லைக் கட்டிவிடுவாரோ என்று வாங்குகிறவருக்கும் பயம், இரண்டு பயத்துக்கும் நடுவில் என் தராசு.

சித்திரை மாதத் தொடக்கத்தில் கமலவேணி வந்தார். முப்பத்தாறு வயது, அவருடைய தகப்பனார் ராசப்பன் போன வருடம் இறந்த பிறகு தேங்காய்க் களத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், அவர் உள்ளே வந்தால் கொப்பரை வாசனையும் கூடவே வரும். ஆவணி பிறப்பதற்குள் நீலம் கையில் ஏறிவிட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். சென்னியப்பன் கடையில் ஒரு கல்லைப் பார்த்து, அடிப்பக்கம் திறந்து கல் தோலில் படுகிற மாதிரி ஒரு மோதிரத்துக்கு அளவு கொடுத்துவிட்டு, தகப்பனார் போட்டிருந்த பழைய நீல மோதிரத்தை மாற்றாகக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பழைய கல்லின் தரம் பார்க்க என்னிடம் அனுப்பினார்கள். அதற்கு என் கையாலேயே எழுதிய சான்றிதழும் இருந்தது, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தியது, நூற்றுப் பதினெட்டாம் எண்.

பூமியிலிருந்து வந்தபடியே இருக்கிற நீலக்கல்லுக்குள் பட்டு நூல் மாதிரி மெல்லிய இழைகள் ஓடும். நிறம் ஏறுவதற்காக உலையில் சூடு வைத்தால் அந்த இழைகள் உடைந்து புள்ளிபுள்ளியாகிவிடும். சூடு வைத்ததும் அசல் கல்தான், ஆனால் விலை மூன்றில் ஒரு பங்கு, சனிக்கு அது வேலை செய்யாது என்று வேறு சொல்வார்கள். ராசப்பன் கல்லுக்குள் புள்ளிகள்தான் இருந்தன.

"இது சூடு வச்ச கல்லு, அம்மிணி."

"சூடு படாததுன்னு எழுதியிருக்குதுங்ணா. நீங்கதான் எழுதியிருக்கறீங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். காகிதம் என்னுடையது, முத்திரை என்னுடையது, கையெழுத்து என்னுடையது. அப்படியென்றால் மாறியிருப்பது கல்தான், இதற்கு ஒரு நிமிட யோசனைகூட எனக்குத் தேவைப்படவில்லை.

"காகிதத்துல இருக்கற கல்லு இது இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க."

"அளவும் எடையும் ஒண்ணாவே இருக்குதுங்களே."

"மாத்தறவன் அளவு பாத்துத்தான் மாத்துவான். மோதிரம் இத்தன வருசம் யார் கையில இருந்துச்சு?"

"எங்கய்யன் கைய விட்டு அது எறங்குனதே இல்லீங்க" என்றார் கமலவேணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் பட்டது.

நான் என் கண்ணால் பார்த்தேன், அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்துக்குள் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ஒன்று, அவருடைய அய்யன் நல்ல கல்லை எங்கேயோ விற்றுவிட்டு மட்டக் கல்லைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு எதுவும் சொல்லாமல் சாகிறவரை அதைப் போட்டுக்கொண்டே திரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்த ஆள் அன்றைக்கோ இன்றைக்கோ பொய் சொல்கிறான். இரண்டில் ஒன்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மோதிரத்தை ஒரு பார்வை பார்த்தார், பழைய மோதிரத்தை மாற்றாகக் கொடுக்கவில்லை என்று சொல்லி மடியில் முடிந்துகொண்டார், புதுக் கல்லை மட்டும் நீலத் துணியில் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கல்தான் வியாழக்கிழமை பன்னிரண்டு சென்ட் கூடி வந்தது.

தராசைத் துடைத்தேன், படிக்கல் வைத்துச் சரிபார்த்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தேன். மூன்று ஐம்பத்திரண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால், போகும்போது நான் குறித்து வைத்திருந்த மூன்று கறுப்புத் துகள்கள் கல்லுக்குள் அதே மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே இருந்தன. அதே கல். ஆசாரி அளவெடுத்துச் செய்து வைத்திருந்த மோதிரத்தில் மட்டும் அது உட்கார மாட்டேன் என்றது.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்குனனுங்ணா" என்றார் கமலவேணி. முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "எங்கய்யனும் கல்ல மாத்தல. நீங்களும் தப்பா எழுதல. ரெண்டும் சரிதானுங்க."

"ரெண்டும் எப்படி அம்மிணி சரியா இருக்கும்?"

"இருக்குமுங்க" என்றார்.

சென்னியப்பன் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன், ஆசாரி இரண்டு பேரையும் சந்தேகப்பட்டார். கடைசியில் சென்னியப்பன் கல்லைப் பிடுங்கிக்கொண்டு, நானே மூன்று நாள் வைத்துப் படுத்துப் பார்த்துவிடுகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மூன்று தொண்ணூறு இருந்தது. முப்பத்தெட்டு சென்ட் ஏறியிருந்தது. அன்றைக்கே அவர் கடையில் இருந்த ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் வாங்கின விலையையும் விற்கிற விலையையும் அட்டையில் எழுதி வைத்தார். கல்வீதி பிறந்த நாளிலிருந்து நடக்காத காரியம் அது.

"முப்பத்தெட்டு சென்ட்ல என்னைப் பத்தினது எத்தன மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாமே உங்களப் பத்தித்தானுங்க மச்சான்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கு ஏன், எப்படி என்று எங்கள் ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கல் மனுசன் மனதிலிருக்கிற சந்தேகத்தைத் தின்கிறது, தின்றது எடையில் தெரிகிறது, அவ்வளவுதான், ஆடு மேய்ந்தால் வயிறு தெரிவதில்லையா என்று பேசிக்கொண்டார்கள். வாங்குவதற்கென்று ஒரு ஆளும் வரவில்லை, மூன்று நாள் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டு வந்தவர்கள் மட்டும் நாளுக்கு நாள் பெருகினார்கள். கல் ஒன்றுதான், கேட்கிற வீடோ ஏராளம். ஒரு வீட்டில் யாருடைய தலையணைக்கு அடியில் வைப்பது என்று தகராறு வந்து, கடைசியில் காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், ராத்திரி ஒருவர் என்று முறை வைத்துப் படுத்தார்கள். சனீஸ்வரனை எல்லோரும் மறந்துபோனார்கள்.

கல் போய் வந்த வீடுகள் ஒவ்வொன்றும் மாறிக்கொண்டு வந்தன. பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்க்கிற கருவியைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். மளிகைக் கடைக்காரர் தராசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்களே அள்ளிக்கோங்க, நீங்களே சொல்லுங்க என்றார். சந்தையில் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையை மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாட்டுத் தரகர்கள், துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு காளையின் விலையை ஊருக்கே கேட்கும்படி சொன்னார்கள், காளைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. இருபது வருடமாகப் புருசன் சட்டைப்பையைத் துழாவி வந்த ஒரு பெண்மணி சட்டையைத் துழாவாமலே துவைத்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த காகிதமெல்லாம் கூழானதைப் பார்த்து அவரும் புருசனும் சேர்ந்து சிரித்ததாகப் பேசிக்கொண்டார்கள். பூட்டு விற்கிறவர் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

நான் சந்தோசப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சந்தேகம் தீர்ந்துபோன ஊரில் பரிசோதனை நிலையத்துக்கு என்ன வேலை? நுண்ணோக்கி மேல் தூசி படிந்தது. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வேனில் வந்து, தட்டு நிறையச் சிவப்புக் கண்ணாடியை வைத்து மாணிக்கம் என்று விற்றுவிட்டுப் போனார்கள், எங்கள் வீதிக்காரர்களே, கல்லிலே பிறந்து கல்லிலே வளர்ந்தவர்கள், வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். "அவங்கதான் மாணிக்கம்னு சொன்னாங்களே மச்சான்" என்றார் சென்னியப்பன். எனக்கு அழுகை வராத குறை.

எனக்கிருந்த ஒரே வேலை, வீட்டுக்கு வீடு போய்த் திரும்புகிற அந்த ஒரு கல்லுக்குப் புதிதுபுதிதாகச் சான்றிதழ் எழுதுவதுதான். நான்கு இருபது, நான்கு எழுபத்தாறு, ஐந்து தாண்டியது, எட்டு தாண்டியது. காரட்டுக்கு இவ்வளவு என்கிற விலையும் ஐந்துக்கு மேல் போனால் கூடும், பத்துக்கு மேல் போனால் இன்னும் கூடும். முப்பத்தோரு வீடு சுற்றி வந்தபோது பதினான்கு காரட் ஆறு சென்ட், கொடுக்காப்புளி விதையை விடப் பெரிதாக, கரும் நீலத்தில் என் மேசையில் கிடந்தது. எல்லோரும் என்னையும் ஒரு தடவை வைத்துப் படுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். சந்தேகம் என் பிழைப்பு, அதைக் கொண்டுபோய் ஒரு கல்லுக்குத் தீனி போட நான் என்ன பைத்தியமா? கல்வீதியில் கல் படுக்காத ஒரே தலையணை என்னுடையதுதான்.

ஆடி இருபதைத் தாண்டியதும் கமலவேணி வெறும் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார். கல் உட்காரவேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது, அதன் வழியாக விரல் தெரிந்தது.

"என்ற கல்லக் குடுங்க. ஆவணி பொறந்துருமுங்க" என்றார்.

"பதினாலு காரட்டாயிருச்சே அம்மிணி. மோதிரத்துல எப்படி நிக்கும்?"

"நான் கேட்டது மூணு நாப்பதுங்க. மிச்சம் என்றது இல்லீங்களே."

சந்தேகம் இல்லாத மனுசர்களிடம் பேரம் பேச முடியாது என்பதை அன்றைக்குக் கண்டேன். சென்னியப்பனும் தலையாட்டினார். சீட்டில் மூன்று நாற்பதுதான் எழுதியிருக்கிறது, அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம், சிக்கந்தர் பாய் பட்டறைக்கு அனுப்புங்கள் என்றார்.

"பத்தரை காரட்டுக்கு மேல போகுமுங்க மாப்பிள்ளை. யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"போகட்டுமுங்க மச்சான். அது நம்முது இல்லையே."

சிக்கந்தர் பாய் நாற்பது வருடமாகச் சாணை பிடிக்கிறவர். முதலில் ரம்பத்தை வைத்து அறுத்துப் பார்த்தார், மிச்சத்தில் இன்னொரு கல்லாவது கிடைக்கும் என்று. ரம்பம் பட்ட இடம் துண்டாகவில்லை, மாவாக உதிர்ந்தது. பிறகு சாணையில் வைத்து, தண்ணீர் விட்டு, இரண்டு பகல் முழுவதும் தேய்த்தார். நீலச் சேறு தொட்டியில் சேர்ந்தது, தொட்டி நிறைந்ததும் வழக்கம்போலப் பட்டறைக்கு வெளியே வெயிலில் கொட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம் கல் சரியாக மூன்று நாற்பதுக்கு வந்தது, உள்ளே மூன்று துகள்களும் பத்திரமாக இருந்தன, ஆசாரி அதை மோதிரத்தில் வைத்து நான்கு கொக்கியையும் மடக்கினார். வெளியே கொட்டின சேறு காய்ந்து பொடியாகியிருந்தது. ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கூரையைத் தூக்கும், ஆளைத் தள்ளும். அது அந்தப் பொடியை வாரி எடுத்து ஊர் மேல் தூவியது.

ஒருமணி நேரம் ஊரே தும்மியது. தும்மி முடித்தபோது சந்தேகமெல்லாம் திரும்பி வந்திருந்தது. ஆனால் அவரவர் சந்தேகம் அவரவருக்கு வரவில்லை, கலைந்து வந்தது. கல்யாணமே ஆகாத தையல்காரர் தன் மனைவி யாரிடம் போனில் பேசுகிறாள் என்று கேட்டு அலைந்தார். கோயில் பூசாரி அபிசேகப் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொசைட்டிப் பரணில் ஏறிக் கருவியைத் தேடினார். பால்காரரோ உண்டியல் பெட்டியின் பின்பக்கம் ஒரு துவாரம் இருப்பதாக அடித்துச் சொன்னார், போய்ப் பார்த்தால் இருந்தது. காளையே வைத்திராத பள்ளிக்கூடத்து வாத்தியார் சந்தைக்குப் போய்க் காளைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். யாருடையது யாரிடம் போயிற்று என்று விசாரித்துத் திருப்பிக் கொடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் போட்டார்கள், அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் மேலேயே சந்தேகம் வந்து அது பாதியில் கலைந்தது. பிறகு வாடகை வீட்டில் இருக்கப் பழகுவதுபோல, அடுத்தவர் சந்தேகத்தோடு இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

நான் கதவைச் சாத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தேன். சாவித் துவாரம் வழியாகக் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தும்மல்தான். பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல் இருக்காது.

முதலில் கொப்பரை வாசனை வந்தது. அதற்குப் பிறகு ஒரு மேசை தெரிந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆளின் முகம் தெரிந்தது, நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிச் சற்றும் யோசிக்காமல் "யாரோ மாத்தியிருக்காங்க" என்று சொல்கிற வாய் தெரிந்தது. எங்கய்யனா, இல்லை இந்த ஆளா? எங்கய்யனா, இல்லை இந்த ஆளா? அந்த ஆள் நான். ஐம்பத்தொரு வயது வரை ஒரு தடவைகூட எனக்கு வராத சந்தேகம், அவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். இரும்பு அலமாரியின் அடித்தட்டில் பழைய சான்றிதழ்களைக் கிழித்துக் கொடுத்தபின் மிஞ்சிய அடிக்கட்டைகள் இருந்தன. நூற்றுப் பதினெட்டை எடுத்தேன். கல்லைப் பார்க்கும்போது தெரிவதைப் பென்சிலில் அடிக்கட்டையில் குறித்துக்கொள்வதும், பிறகு முடிவைச் சான்றிதழிலும் அடிக்கட்டையிலும் பேனாவால் எழுதுவதும் அந்தக் காலத்திலிருந்தே என் பழக்கம். பென்சிலில் இருந்தது: இழை உடைந்து புள்ளி, சூடு. பேனாவில் இருந்தது: சூடு படாதது.

தேதியைப் பார்த்தேன். சாந்தாமணி கல்யாணத்துக்குப் பத்து நாள் முந்தி. அப்போது சென்னியப்பன் சொந்தக் கடை போட்டு முதன்முதலாக விற்கப்போகிற கல் அது, ராசப்பன்தான் முதல் கிராக்கி, சூடு வைத்தது என்று எழுதினால் அந்த வியாபாரம் முறியும், மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளிப்பார்கள். சென்னியப்பன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதினேன், எழுதியதை அன்றைக்கே மறந்துவிட்டு, அன்றையிலிருந்து அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது. செத்துப்போன மனுசரைத் திருடன் என்று அவர் மகளிடமே சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை அடிக்கட்டையை எடுத்துக்கொண்டு கமலவேணியின் களத்துக்குப் போனேன். வெயிலில் கொப்பரை வெள்ளைவெளேர் என்று காய்ந்துகொண்டிருந்தது. வலது கையில் புது நீலம், இடது கையில் அய்யனின் பழைய நீலம், இரண்டையும் போட்டுக்கொண்டு அவர் ஒவ்வொரு தேங்காயாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னு தெரியலீங்ணா, நேத்திலிருந்து ஒவ்வொரு காயும் உள்ள அழுகலோன்னு இருக்குது" என்றார். யாருடைய சந்தேகமோ அவருக்குப் போயிருந்தது.

அடிக்கட்டையை நீட்டினேன். பென்சில் எழுத்தையும் பேனா எழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். "உங்கய்யன் கல்ல மாத்தல, அம்மிணி. அது அதே கல்லுத்தான். சூடு வச்சதுன்னு தெரிஞ்சே, வைக்கலைன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். உங்கய்யன ஏமாத்துனது நான்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"நீங்க ஏனுங்ணா பொய் எழுதப் போறீங்க?"

"எழுதுனேன் அம்மிணி. இதா பாருங்க."

"பென்சில்ல ஏதோ கை தவறியிருக்குமுங்க. எங்கய்யனும் மாத்தல, நீங்களும் தப்பா எழுதல. கல்லுதானுங்க மாறிருச்சு. நாமெல்லாம் பாத்தமல்லங்க, இந்தக் கல்லு எப்படி வளந்துதுன்னு. அது தானா வளருமுன்னா இதுக்குச் சூடு தானா ஏறாதுங்களா?"

ஒரு நிமிடம், ஒத்துக்கொண்டு போய்விடலாம் என்றுகூட இருந்தது. ஊரே ஒத்துக்கொள்ளும், கல் மாறிற்று என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள், என் பலகையும் என் முத்திரையும் பத்திரமாக இருக்கும். அந்தச் சந்தேகம் மட்டும் என் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு, பார்த்தாயா, இப்போதும் இந்த ஆள் தப்பிக்கத்தான் பார்க்கிறான் என்றது.

"சத்தியமாச் சொல்றேன். என்னை நம்பாதீங்க அம்மிணி."

கமலவேணி உள்ளே போய் இரும்புப் பெட்டியிலிருந்து நூற்றுப் பதினெட்டாம் எண் சான்றிதழை எடுத்துவந்தார். முந்தானையால் துடைத்து, அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"உங்க கையெழுத்து இருக்குதுங்களே. அதுக்கு மேல என்னங்ணா வேணும்?" என்றார். பிறகு வெயில் ஏறுவதற்குள் மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

அவருடைய சந்தேகத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்க மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் மோர்தான் கிடைத்தது. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை, எனக்கோ அது குறைய மாட்டேன் என்கிறது. சென்னியப்பனிடம் சொன்னேன், அவர் வேறு யாருடைய சந்தேகத்திலோ மும்முரமாக இருந்தார், சரி மச்சான் என்றார். அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். ராசப்பன் கல்லை மாற்றவில்லை. அவர் வாங்கின நாளிலிருந்து சாகிறவரை அதே கல்லைத்தான் போட்டிருந்தார், அதைச் சூடு படாதது என்று தெரிந்தே எழுதியவன் நான், நல்லசிவம். கீழே என் கையெழுத்து இருக்கிறது. அதைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள்.